கார்த்திகை கடைசித் திங்கள்: ஒரு திருத்தம்

ஆகஸ்ட் 26 என்று தேதி போட்ட கடிதம் அது. போளூர் தபால் முத்திரை. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், நீல மை, நிதானமான கையெழுத்து.

"ஐயா, பெங்களூருக்கு எந்த மாதம் வரலாம், எப்போது மழை, எப்போது என்ன திருவிழா என்று நீங்கள் எழுதிய பத்தியை வெட்டி வைத்திருக்கிறேன். அதில் பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழா என்று ஒன்று சொல்லியிருந்தீர்கள். இந்த வருடம் அது எந்தத் தேதி? மழை இருக்குமா? எனக்கு ஒரு நாள்தான் லீவு கிடைக்கும். அதனால் தேதி சரியாக வேண்டும்."

கீழே கையெழுத்து: ப. வளர்மதி, சத்துணவு அமைப்பாளர். ஒரு போன் நம்பர்.

இந்த மாதிரிக் கேள்விகள் எனக்குப் புதிதில்லை. ஆஸ்டின் டவுனில் என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு ஏறிப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துவைக்கிறேன். இருபத்தேழு வருடப் பழக்கம். இது வெளியே தெரிந்தபோது உறவுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் டிக்கெட் போடுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

பெங்களூர் வருடம் முழுக்கக் குளுகுளுவென்று இருக்கும் என்று நம்பி ஏப்ரலில் வருகிறவர்கள் உண்டு. "என்னங்க, எங்க ஊரு மாதிரியே இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டு திரும்புவார்கள். செப்டம்பர் எட்டாம் தேதி சிவாஜிநகர் மாதா தேர் பார்க்க வருகிறவர்களிடம் குடை கொண்டுவரச் சொல்வேன். அன்று மழை பெய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மழை வேண்டாம், கூட்டமும் வேண்டாம், ஆனால் ஒரு திருவிழாவும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு என்ன சொல்வது? அவர்களுக்காகத்தான் போன வருடத் தொடக்கத்தில் இதே பக்கத்தில் மாதவாரியாக ஒரு பட்டியல் எழுதினேன்.

வளர்மதிக்கு அன்றே ஒரு தபால் அட்டை போட்டேன். "டிசம்பர் 15, திங்கட்கிழமை. கார்த்திகையின் கடைசித் திங்கள். அதற்குள் மழை ஓய்ந்திருக்கும். காலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்."

தேதியை எங்கே பார்த்தேன்? சுவரில் தொங்கும் தமிழ்த் தினசரி காலண்டரில். நீலசந்திரா மளிகைக் கடையில் வருடா வருடம் கொடுப்பது. ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கார்த்திகை 29-இல் நிறுத்தி, திங்கள் என்று உறுதி செய்துகொண்டேன். என் பழைய குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். அந்தத் திருவிழாவுக்கு நான் போனது இரண்டே முறை. இரண்டு முறையும் டிசம்பர்தான்.

இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன். மாலை ஐந்து மணி. முனிராஜு வாசலில் வந்து ஹாரன் அடித்தார். நீலசந்திராவில் குடியிருக்கும் ஆட்டோக்காரர். பதினைந்து வருடமாக என்னை ஆஸ்பத்திரிக்கும் நூலகத்துக்கும் ஏற்றிப்போகிறவர். வீட்டில் தமிழ், ஸ்டாண்டில் கன்னடம், சவாரியின் முகத்தைப் பார்த்து இந்தி.

அந்த வாரம் நான் பேப்பரே படிக்கவில்லை. வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சொட்டு மருந்து வாங்கிவந்த முனிராஜு, கூடவே ஒரு பொட்டலத்தையும் நீட்டினார். அவித்த கடலைக்காய்.

"சாப்டுங்க சார், சூடு ஆறல. பரிசெ கடலைக்காய்."

பரிசெ என்றால் கன்னடத்தில் திருவிழாச் சந்தை. ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"எந்தப் பரிசெ முனிராஜு?"

"இன்னா சார் எந்தப் பரிசென்றீங்க. பசவனகுடி. திங்கக்கெழமையிலேர்ந்து அந்தப் பக்கம் தலை வைக்க முடியல. நாளையோட ஆச்சு, முடிஞ்சுது."

"அது டிசம்பர்ல இல்ல வரணும்? கார்த்திகை கடைசித் திங்களாச்சே. நமக்குக் கார்த்திகை பொறந்தே நாலு நாள்தான் ஆவுது."

"அது உங்க ஊட்டுக் காலண்டர்ல சார். பசவண்ணனுக்கு உங்க மளிகைக் கடைக் காலண்டர் யாரு குடுத்தா, பாவம்."

பசவண்ணன் என்பது பசவனகுடிக் கோயிலில் இருக்கும் பெரிய நந்தி. முனிராஜு சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். நம் தமிழ் மாதம் சூரியனைப் பார்த்து நடக்கிறது. கார்த்திகை எப்போதும் நவம்பர் நடுவில்தான் பிறக்கும். கன்னட மாதம் சந்திரனைப் பார்த்து நடக்கிறது. அவர்களுடைய கார்த்திகை தீபாவளி அமாவாசை முடிந்ததும் தொடங்கி, அடுத்த அமாவாசையோடு முடிந்துவிடும். போன தீபாவளி அக்டோபரிலேயே வந்துவிட்டது இல்லையா? அவர்கள் கார்த்திகையும் சீக்கிரம் வந்து சீக்கிரம் முடிந்தது. நவம்பர் 17 அவர்களுக்குக் கார்த்திகையின் கடைசித் திங்கள். நம் காலண்டரில் அன்றுதான் கார்த்திகை முதல் தேதி.

நான் போன இரண்டு வருடங்களிலும் இரண்டு கார்த்திகையும் ஏறக்குறைய ஒன்றாக ஓடியிருக்கின்றன. அதனால் எனக்குத் தெரியவில்லை. கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழனுக்குப் பசவனகுடி என்பது ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு ஊர். அங்கே எந்தப் பஞ்சாங்கம் சுவரில் தொங்குகிறது என்று இந்த வயது வரை நான் எட்டிப் பார்த்ததில்லை.

கடிதத்தைத் தேடி எடுத்தேன். முனிராஜுதான் நம்பரைப் படித்துச் சொன்னார்.

"வணக்கம்மா. பெங்களூர்லேர்ந்து பேசறேன். பத்தி எழுதறவன்."

"சார், நீங்களா... கார்டு வந்துச்சு சார். டிசம்பர் பதினஞ்சுக்கு லீவு எழுதிக் குடுத்துட்டேன். பஸ்ஸுக்கும் புக் பண்ணியாச்சு."

"நான் சொன்ன தேதி தப்பும்மா. திருவிழா இப்ப நடந்துட்டிருக்கு. நாளையோட முடியுது."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார்.

"மல்லாட்ட விக்கிறவங்க நாளைக்கு இருப்பாங்களா சார்?"

மல்லாட்டை என்றால் அவர்கள் பக்கத்தில் நிலக்கடலை. திருவிழா பார்க்க வருகிறவர் கோயிலைக் கேட்பார், தேரைக் கேட்பார். இவர் ஏன் விற்கிறவர்களைக் கேட்கிறார்?

"யாரையாவது பாக்கணுமாம்மா?"

"எங்க அண்ணன் சார்."

அப்போதுதான் சொன்னார். அண்ணன் பெயர் ஏழுமலை. பதினான்கு வருடத்துக்கு முன்னால், மழை ஏமாற்றி மல்லாட்டை முழுக்கக் கருகிப்போன வருடத்தில், வேலை தேடிக் கர்நாடகப் பக்கம் போனவர். முதல் வருடம் போன் வந்தது. அப்புறம் வரவில்லை. மனைவி செல்வியும் எட்டு வயது மகளும் வளர்மதி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த மகள் கீர்த்தனாவுக்குத் தை மாதம் கல்யாணம்.

ஆனியில் நிச்சயதார்த்தத்துக்கு வந்த ஊர்க்கார மேஸ்திரி ஒருவர், சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார். போன வருடம் பெங்களூரில் ஏழுமலையைப் பார்த்தேன். பெரிய மாட்டுக் கோயில், ரோடு முழுக்க மல்லாட்டை, அங்கே உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஆனால் அவர் மாதிரிதான் இருந்தது.

"பாப்பாவுக்குத் தெரியாது சார். அதான் போன்ல பாக்கச் சொல்லி அவளக் கேக்கல. உங்களுக்கு எழுதினேன்."

"நாளைக்கு வர முடியுமாம்மா? மழை வேற வரும் போல இருக்கு."

"மழ கெடக்குது சார். வந்துடறேன்."

மறுநாள் காலை பதினொன்றுக்கு மடிவாளாவில் இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பியிருக்கிறார். சம்பளம் இல்லாத லீவு. நான் வருத்தம் தெரிவித்தபோது, "நீங்க கூப்புடலன்னா டிசம்பர்ல வந்து வெறும் ரோட்டப் பாத்திருப்பேன்" என்றார். திட்டியிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

முனிராஜு தன் பங்குக்கு ஆட்டோவில் ஆரம்பித்தார். "அக்கா, சாரத் தப்பா நெனைக்காதீங்க. எந்த நாள்ல எத்தினி மில்லிமீட்டர் மழைன்னு கேளுங்க, புட்டுப் புட்டு வெப்பாரு. பக்கத்துப் பேட்டையில இன்னா நடக்குதுன்னு மட்டும் கேக்காதீங்க."

வளர்மதி கொஞ்சம் சிரித்தார். கையில் ஒரு பழைய வாக்காளர் அட்டை நகல் இருந்தது. கறுப்பு மீசை வைத்த ஒரு முகம், பாதி மை பரவிய நிலையில்.

கோயில் ரோட்டில் கூட்டம் வடிந்திருந்தது. பாதிச் சாக்குகள் காலி. காலுக்கடியில் கடலைத் தோல் ஈரத்தில் ஊறி மெத்தென்று கிடந்தது. தூறல் விட்டு விட்டு விழுந்தது. விற்கிறவர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டும் மூட்டையைத் தைத்துக்கொண்டும் இருந்தார்கள்.

நகலைப் பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். "தமிழ்க்காரரா? இங்க பாதிப் பேரு தமிழ்தான் சார். கிருஷ்ணகிரி, தர்மபுரி... இந்த மாதிரி கறுப்பு மீசை யாருமில்ல."

பதினான்கு வருடத்தில் யாருக்கு மீசை கறுப்பாக இருக்கும்?

கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். வளர்மதி யார் முகத்தையும் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"மூஞ்சி மாறியிருக்கும் சார். அண்ணனுக்கு எல்லாமே பீச்சாங்கைதான். ஸ்கூல்ல வாத்தியாரு ஸ்கேலால அடிச்சே பாத்தாரு. மாறல."

ரோட்டின் திருப்பத்தில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு அம்மாள். மாலூரிலிருந்து வருகிறவர், பெயர் கௌரம்மா. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வந்தன. முனிராஜு அவரிடம் கேட்டார்.

"அம்மா, எடது கையால அளக்கறவரு, தமிழ்க்காரரு... யாராவது உண்டா இங்க?"

"இருந்தாரே. இங்கியேதான்."

தன் பக்கத்தைக் காட்டினார். இரண்டு சாக்கு விரிக்கும் அளவுக்கு ரோடு மட்டும் தோல் இல்லாமல் சுத்தமாக இருந்தது.

"மூணு வருசமா எனக்குப் பக்கத்துலதான் போடறாரு. நான் டெய்லி சண்ட புடிப்பேன். பண்டிக நாளும் அதுவுமா எடது கையில குடுத்தா எவன்யா வாங்குவான்னு. அப்புறம் அளக்கறது எடது கை, குடுக்கறது சோத்துக் கை, அப்டி மாத்திக்கினாரு."

வளர்மதி அந்தச் சுத்தமான இடத்தின் ஓரத்தில் குந்திவிட்டார்.

"பேரு இன்னாம்மா அவருக்கு?"

"பேரு யாரு கேட்டா. தமிழண்ணான்னு கூப்புடுவோம்."

"எந்த ஊரு?"

"கடலைக்காய் சீனிவாசபுரத்துலேர்ந்து ஏத்திக்கினு வர்றாரு. அங்க யாரோ தோட்டத்துல இருக்கேன்னாரு. சொந்த ஊரு தெரியாது."

"பொண்டாட்டி, புள்ள... ஏதாவது சொன்னாரா?"

கௌரம்மா யோசித்தார். "ஒரு பொண்ணு இருக்குதுன்னாரு. இரு... அது அந்தாண்ட ஒக்காந்திருந்தவரு சொன்னதா? நாலு நாளா பேசிக்கினே இருந்தோம். எது யாரு சொன்னதுன்னு இப்ப கேட்டா..."

"எப்பம்மா போனாரு?"

"நேத்து சாய்ங்காலம். வானம் கறுத்துது. மூட்ட நனஞ்சா போச்சுன்னு அஞ்சு மணிக்கே வண்டியில ஏத்திட்டாரு."

வியாழன் மாலை ஐந்து மணி. அப்போது நான் என் வாசலில் நின்று கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான்கு நாள் அவர் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார் — அவர்தான் என்றால். ஒரு கன்னடப் பஞ்சாங்கத்தை வாங்கிப் புரட்டியிருந்தால் எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அவரிடம் போன் நம்பர் வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று முனிராஜு கேட்டதற்குக் கௌரம்மா, "பக்கத்துல ஒக்காந்திருக்கறவருக்கு எதுக்குப்பா போனு?" என்றார். பதில் சரிதான்.

வளர்மதி அன்று மதியமே திரும்பினார். பஸ் ஏறும்போது சொன்னார்: "டிசம்பர் பதினஞ்சு லீவு அப்டியே இருக்குது சார். அன்னிக்கு வர்றேன். அந்தச் சீனிவாசபுரத்துல ஒரு வாட்டி கேட்டுப் பாத்துடலாம்."

நான் தவறாகச் சொன்ன தேதி அப்படி ஒரு பயணத்துக்குத் தேதி ஆனது.

முனிராஜு தன் மச்சானிடம் வேன் கேட்டு வாங்கினார். டிசம்பர் 15 அன்று மழை இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காலையில் நல்ல குளிர். என் தபால் அட்டையில் இது மட்டும் பலித்தது.

சீனிவாசபுரம் மாம்பழத்துக்குப் பெயர்போன ஊர். டிசம்பரில் மரங்கள் சும்மா நிற்கும். மார்க்கெட் பக்கம், டீக்கடை, மூட்டை ஏற்றும் இடம் என்று மூன்று மணி நேரம் கேட்டோம். இடது கைக்காரர் என்றதும் சிலர் சிரித்தார்கள். கடைசியில் மண்டிக்கு எதிரே பீடி சுற்றி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"அப்டி ஒருத்தரு இருந்தாரு. கடலைக்காய் முடிஞ்ச உடனே மதனபள்ளி பக்கம் தக்காளி வேலைக்குப் போயிருப்பாரு. அப்புறம் மாங்காய் சீசனுக்கு இங்க வருவாரு. ஒரு எடத்துல நிக்கற ஆளு இல்ல."

"பேரு?"

"ஏதோ மலைன்னு முடியும். அண்ணாமலையா, திருமலையா..."

"ஏழுமலையா?" என்றார் வளர்மதி.

பெரியவர் உடனே, "ஆமா, ஏழுமலைதான்" என்றார்.

வளர்மதியின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அந்த ஆமாவின் மேல் நம்பிக்கை வரவில்லை. நாம் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் ஆமா என்றுதான் சொல்வார்கள். பழைய விஷயங்களைத் தேடிக் கேட்டு எழுதுகிறவர்கள் முதலில் செய்யக்கூடாத தவறு அது. ஆனால் அதை அங்கே, அவர் முகத்தைப் பார்த்து, எப்படிச் சொல்வது?

திரும்பி வரும் வழியில் ஒன்று தோன்றியது. நானும் என் வாசகர்களும் வெயில் எப்போது, மழை எப்போது, தேர் எப்போது என்று பார்த்துப் பார்த்துப் பயணத் தேதி குறிக்கிறோம். அந்த மனிதரும் அதையேதான் செய்கிறார். கடலைக்காய்க்கு ஒரு ஊர், தக்காளிக்கு ஒரு ஊர், மாங்காய்க்கு ஒரு ஊர், திருவிழாவுக்குப் பசவனகுடி. அவருடைய காலண்டரில் தப்பு வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அவர் ஒரு தேதியைக்கூடத் தவறவிட்டதாகத் தெரியவில்லை.

ஹொஸ்கோட்டேவுக்கு முன்னால் ஒரு ஓட்டலில் டீ குடிக்க நிறுத்தினோம். நாலு மணி. வளர்மதி டீயைத் தொடாமல் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே கல்யாணப் பத்திரிகையின் புரூஃப். மஞ்சள் தாள், மேலே பிள்ளையார்.

பெண்ணின் பெற்றோர் பெயர் இருந்த இடத்தைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள். 'அமரர் ஏழுமலை – திருமதி செல்வி ஆகியோரின் மகள்.'

"அந்த வார்த்தைய மாப்பிள்ள ஊட்டுல போடச் சொல்றாங்க சார். பதினாலு வருஷம் ஆச்சு, இனிமே எங்க வரப்போறாரு, பேர மட்டும் போட்டா ஆளு எங்கன்னு சபையில கேப்பாங்க, நாங்க இன்னா பதில் சொல்றதுன்னு."

"அண்ணி என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல. காலையில பொட்டு வெச்சிக்கினுதான் என்னை அனுப்பிவெச்சாங்க." காலிக் கவரை இரண்டாக மடித்தார். "அந்த வார்த்த ஏறிடுச்சுன்னா அவங்க மேடைக்கு வர முடியாது சார். பொண்ணுக்கு மால எடுத்துக் குடுக்கறதுகூட நானும் எங்க ஊட்டுக்காரருந்தான். அவங்க பின்னால எங்கியாவது நிக்கணும். பெத்தவங்க."

"எப்பக் குடுக்கணும்?"

"நாளைக்கு மார்கழி பொறக்குது. அதுக்குள்ள அச்சடிக்கக் குடுத்துடணும்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. பிரஸ்காரரு ஆறு மணி வரைக்கும் காத்திருக்கேன்னாரு."

அப்போதுதான் எனக்கு அந்த ஆகஸ்ட் கடிதம் முழுசாகப் புரிந்தது. அவருக்கு வேண்டியிருந்தது திருவிழாத் தேதி மட்டுமில்லை. மார்கழிக்கு முன்னால் ஒரு பதில்.

புரூஃபை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க தேதி, நேரம் எல்லாம் பாத்துப் பாத்து எழுதறவரு. நீங்க சொல்லுங்க சார். இது இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

என்னிடம் என்ன இருந்தது? மேஸ்திரி சொன்ன ஒரு 'மாதிரி'. ஒரு இடது கை. யார் சொன்னது என்று நினைவில்லாத ஒரு மகள். நாமே எடுத்துக் கொடுத்த ஒரு பெயர். இதை வைத்து ஒரு வரி எழுதித் தரச் சொன்னால் நான் எழுத மாட்டேன். அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அவர்தான்னு என்னால உறுதியா சொல்ல முடியலம்மா. சாட்சி போதாது."

வளர்மதி தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து மேஜையில் பன் தின்றுகொண்டிருந்த முனிராஜு திரும்பினார்.

"சார், எதுக்கு சாட்சி கேக்கறீங்க நீங்க?"

"அவர் உயிரோட இருக்கார்ங்கறதுக்கு."

"அதுக்கு எதுக்கு சார் சாட்சி? செத்துட்டாருன்னு சொல்றவங்களக் கேளுங்க சாட்சி. பாடிய யாராவது பாத்தாங்களா? சர்டிபிகேட் இருக்குதா? ஒண்ணும் இல்லாமே அவங்க ஒரு வார்த்த எழுதலாம். நீங்க அத அடிக்கறதுக்கு மட்டும் மூணு சாட்சி வேணுமா?"

பன்னின் மீதியை வாயில் போட்டுக்கொண்டு, கேட்டதை மறந்துவிட்டவர் மாதிரி டீ சொல்லப் போய்விட்டார்.

இத்தனை வருடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதப்போகிற வரிக்குத்தான் ஆதாரம் தேடியிருக்கிறேன். ஏற்கெனவே எழுதியிருக்கிற வரியைப் பார்த்து, உனக்கு என்ன ஆதாரம் என்று கேட்டதே இல்லை.

"எடுத்துடுங்கம்மா" என்றேன்.

வளர்மதி என் பேனாவை வாங்கி அந்த வார்த்தையை அடித்தார். ஒரே கோடு, நேராக. அப்புறம் போனை எடுத்தார்.

"அண்ணே, வளர்மதி பேசறேன். அந்த முன்னால இருக்கற வார்த்தைய எடுத்துடுங்க. ஆமா. திரு மட்டும் போடுங்க... அவங்க கேட்டா நான் சொல்லிக்கறேன். இல்லண்ணே, வேற ஒண்ணும் மாத்தல. அச்சடிச்சிடுங்க."

பேசி முடித்துவிட்டு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

பொங்கல் கழிந்து பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது. 'திரு. ஏழுமலை – திருமதி செல்வி ஆகியோரின் மகள்' என்று மஞ்சள் தாளில் தெளிவாக அச்சாகியிருந்தது. கல்யாணத்துக்கு நான் போக முடியவில்லை. இரண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன். மேடையில் செல்விதான் மாலை எடுத்துக் கொடுத்தார் என்று வளர்மதி போனில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு பேர் ஏழுமலை எங்கே என்று கேட்டார்களாம். தக்காளி சீசன், வர முடியவில்லை என்று வளர்மதியே பதில் சொன்னாராம்.

இனி, திருத்தம். இதே பக்கத்தில் போன வருடம் வெளியான பட்டியலில், பசவனகுடி கடலைக்காய்த் திருவிழா தமிழ்க் கார்த்திகையின் கடைசித் திங்களில் வரும் என்று நான் எழுதியது பிழை. கன்னடக் கார்த்திகையின் கடைசித் திங்கள் என்று படிக்கவும். என் பேச்சைக் கேட்டு டிசம்பர் 15 அன்று ஓசூரிலிருந்து குடும்பத்தோடு வந்து காலி ரோட்டைப் பார்த்துவிட்டுப் போன வாசகர் ஒருவரும் எழுதியிருக்கிறார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வருடம் கன்னடப் பஞ்சாங்கத்தில் ஒரு மாதம் கூடுதலாக வருகிறது. ஆகவே திருவிழா டிசம்பர் 7, திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போகிறது. இரண்டு கன்னடப் பஞ்சாங்கங்களில் பார்த்துவிட்டேன். முனிராஜுவிடமும் கேட்டுவிட்டேன். மழை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வளர்மதி லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். செல்வியும் கூட வருகிறாராம்.

இதையெல்லாம் அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அண்ணன் பெயரை மறைக்க வேண்டாம், யாராவது படிக்கட்டும் என்றார். ஏழுமலை உயிரோடு இருக்கிறார் என்று இப்போது ஒரு கல்யாணப் பத்திரிகையிலும் இந்தப் பக்கத்திலும் அச்சாகியிருக்கிறது. இன்று வரை அதை நான் சரிபார்க்கவில்லை.